குப்பத்துச் சுவரில் 2050-ஆம் ஆண்டுக் கடல்: கோடு எந்த உயரத்தில் போடுவது?

#1 நெய்தல்நிறம் (இழையைத் தொடங்கியவர்)

சென்னைக்குத் தெற்கே, மணல்மேட்டின் மேல் இருக்கும் ஒரு மீனவர் குப்பம். ஊர்ப் பஞ்சாயத்தும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து "வருங்காலக் கடல்" என்று ஓர் ஓவிய வேலை செய்யப் போகிறார்கள். சமுதாயக் கூடத்தின் கிழக்குச் சுவர் (12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம்), வலை பின்னும் கூடத்தின் 8 தூண்கள், அந்தக் கூடத்தின் சிமென்ட் தரை, இவ்வளவுதான் இடம்.

இப்போதைய திட்டம்: 2050-க்கு ஒரு நீலக் கோடு, 2100-க்கு ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே மீனும் பாரும் (கடலடிப் பாறைத்திட்டு), மேலே வீடும் மனிதர்களும். நியூயார்க்கில் ஈவ் மோஷர் என்ற கலைஞர் 2007-இல் விளையாட்டு மைதானத்தில் கோடு போடும் சுண்ணப்பொடி வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடல் மட்டத்துக்கு 10 அடி மேலே, ஏறக்குறைய 70 மைலுக்குத் தெருத்தெருவாக நீலக்கோடு போட்டார். அதுதான் தூண்டுதல்.

மூன்று கேள்விகள். கோட்டின் உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் ஒரு செயலி 7 மீட்டர் என்கிறது, இன்னொன்று மைனஸ் 84 என்கிறது. இரண்டாவது, சுவர் ஏற்கெனவே உப்புப் பூத்திருக்கிறது, எந்த பெயிண்ட் நிற்கும்? மூன்றாவது, இப்படிக் கோடு போடுவதே சரியா?

#2 மட்டப்பலகை

முதலில் போனை மூடி வையுங்கள். அந்த மைனஸ் எண் பழுது இல்லை. ஜிபிஎஸ் உயரம் கணக்குக்காக வரைந்த ஒரு வழவழப்பான கோளப் பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. புவியீர்ப்பு இங்கே பலவீனமாக இருப்பதால் நம் பக்கத்துக் கடல்பரப்பு அந்தக் கற்பனைப் பரப்புக்கு ஏறக்குறைய 90 மீட்டர் தாழ்வாகக் கிடக்கிறது. செயலி அந்தத் திருத்தத்தைப் போட்டால் 7, போடாவிட்டால் மைனஸ் 84. திருத்திய பிறகும் போனின் உயரப் பிழை பல மீட்டர் இருக்கும். நீங்கள் காட்ட நினைப்பதோ சென்டிமீட்டர் கணக்கு.

இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடமும் இதற்கு உதவாது. சவுக்குத் தோப்பின் தலையையும் மாடி வீட்டின் கூரையையும் அது தரை என்றே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, எந்தப் பூஜ்யம்? குறைந்தது மூன்று இருக்கின்றன. சர்வே கல்லில் (உயரம் குறித்து அரசு நட்ட கல்) உள்ள பூஜ்யம் 1909-இல் முடித்த கணக்கு. நூறாண்டுக்கு முந்தைய கடலின் சராசரி அது, இன்றைய கடலுடையது இல்லை. துறைமுக ஓத (கடல் நாள்தோறும் ஏறி இறங்கும்) அட்டவணையின் பூஜ்யம் தாழ்ந்த ஓதத்தை ஒட்டியது, கப்பல் தரை தட்டாமல் இருக்க வைத்தது. சென்னையில் சராசரிக் கடல் அதற்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் நிற்கும். மூன்றாவது, இன்றைய சராசரிக் கடல். அட்டவணையில் 1.1 மீட்டர் என்று பார்த்துவிட்டு அதை அப்படியே சர்வே கல்லின் மேல் ஏற்றினால் அரை மீட்டர் தப்பு. இந்த மாதிரி வேலைகளில் அதிகம் நடக்கும் தவறும் இதுதான்.

அளக்கிற முறை: பக்கத்தில் சர்வே கல் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் மீன்பிடித் துறைமுகத்தின் உள்பக்கம் மாதிரி அலை அடிக்காத இடத்தில், அட்டவணை சொல்லும் உச்ச ஓத நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை ஒரு சுவரில் குறித்து, உச்சத்தை எடுங்கள். தொடர்ந்து நான்கைந்து நாள் எடுத்தால் காற்றால் வரும் ஏற்ற இறக்கம் ஓரளவு கழியும். திறந்த கடற்கரையில் இதைச் செய்ய முடியாது, அலை ஏறி இறங்குவதைத்தான் அளப்பீர்கள்.

அந்தக் குறியிலிருந்து உங்கள் சுவர் வரை ஆட்டோ லெவல் (முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். தூரம் கொஞ்சம்தான் என்றால் கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் மட்டமே போதும். 10 மி.மீ. உள்ளகலம், 20 மீட்டர் நீளம், நிறமில்லாத குழாய். தண்ணீரில் துளி நீலம் கலந்தால் கண்ணுக்குத் தெரியும். குழாயில் குமிழி ஒன்று நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடந்தாலும் அப்படியே. காலை 8 மணிக்குள் முடியுங்கள். போன வழியே திரும்பி வந்து தொடங்கிய குறியில் முடியுங்கள். வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

#3 நீரோட்டம்

உயர எண்கள் இதோ. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின்படி உலக சராசரிக் கடல் மட்டம் 2050-இல் ஏறக்குறைய 20 செ.மீ. உயரும். வாயு வெளியேற்றம் எப்படிப் போனாலும் அந்த எண் பெரிதாக மாறாது. 2100-க்குத்தான் பாதை பிரிகிறது: நடுத்தர வெளியேற்றத்தில் 44 முதல் 76 செ.மீ., மிக அதிக வெளியேற்றத்தில் 63 செ.மீ. முதல் 1.01 மீட்டர். பனிப்பாளங்கள் எதிர்பாராத வேகத்தில் உடைந்தால் 2 மீட்டரை நெருங்கலாம் என்பதையும் அந்த அறிக்கை தள்ளிவிடவில்லை. ஆகவே 2100-க்கு ஒற்றைக் கோடு போடாதீர்கள், பட்டையாகப் போடுங்கள். கீழே அழுத்தமாகவும் மேலே போகப் போக மங்கலாகவும். ஓவியருக்கு அது எளிது, அறிக்கை எழுதும் எங்களுக்குத்தான் அதைச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை.

கவனிக்க வேண்டியது: இவையெல்லாம் 1995–2014 சராசரியிலிருந்து கணக்கிட்டவை. அதன் நடுப்புள்ளி 2005 வாக்கில். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மி.மீ. வீதம் 7, 8 செ.மீ. ஏறிவிட்டது. இன்றைய கடலிலிருந்து அளந்தால் 2050-க்கு மிச்சம் 12, 13 செ.மீ.தான். இன்றைய நீர்மட்டத்தைக் குறித்து அதன் மேல் 20-ஐ ஏற்றினால் நடந்து முடிந்ததை இரண்டாவது முறை கூட்டுகிறீர்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. நம் கடல் ஆண்டு முழுக்க ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஓதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மாசி பங்குனியில் மட்டம் தாழ்ந்தும் ஐப்பசி கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். காற்றும், கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் திசை மாறுவதும், வடக்கேயிருந்து வரும் உப்புக் குறைந்த தண்ணீரும் சேர்ந்து செய்கிற வேலை. சென்னையில் இந்த வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல். இன்றிலிருந்து 2050 வரை ஏறப்போவதைவிட இது பெரிது.

அப்படியென்றால் 2050-இன் பங்குனிக் கடலை ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது, ஐப்பசியில் ஆண்டுதோறும் பார்க்கிறது. யாரும் பார்க்காதது 2050-இன் ஐப்பசிக் கடலைத்தான். கோடு போடுவதானால் "இன்று", "2050" என்று இரண்டு கோடு வேண்டாம். பங்குனி, ஐப்பசி, வரப்போகும் ஐப்பசி என்று மூன்று போடுங்கள். முதல் இரண்டையும் பிள்ளைகளே கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதை நம்ப அதுவே துணை.

#4 வாடைக்காற்று

மாசி மகத்தன்று ஊரே கரையில் நிற்கும். பௌர்ணமி ஓதம்தான், ஆனாலும் நீரோட்டம் சொல்வதுபோல் அது ஆண்டின் தாழ்ந்த கடல். அன்று பார்ப்பவர்கள் "கடல் உள்ளே போயிருக்கே" என்பார்கள். முதல் குறியை அன்றே போடுங்கள், சாட்சிக்கு ஊர் இருக்கிறது.

#5 நெய்தல்நிறம்

குழாய் மட்டம் ஓட்டியாகிவிட்டது. கூடத்துச் சுவரின் அடி, இன்றைய சராசரிக் கடலுக்கு 3.1 மீட்டர் மேலே. கணக்குப் போட்டால்: பௌர்ணமி, அமாவாசை உச்ச ஓதம் சராசரிக்கு மேலே 0.5, ஐப்பசி ஏற்றம் 0.15, 2050 வரை 0.13. மொத்தம் 0.78 மீட்டர். 2100-க்கு ஒரு மீட்டர் என்றே வைத்தாலும் 1.65. இரண்டு கோடும் சுவருக்குக் கீழே, மண்ணுக்குள் போகின்றன! சுவரில் வரைய எதுவுமே இல்லை. பஞ்சாயத்தில் ஒருவர், "அப்ப நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு" என்கிறார்.

#6 மட்டப்பலகை

கணக்கு சரி. உங்கள் முன்னோர் மணல்மேட்டின் மேல் வீடு கட்டியது தற்செயல் இல்லையே. சுவரில் இடுப்பளவு நீலம் பூசியிருந்தால் பார்க்க நன்றாக இருந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும்.

ஆனால் நீங்கள் கூட்டியது அசையாத நீரின் மட்டம். புயல் ஏற்றமும் அலை மணலில் ஏறும் உயரமும் அதில் இல்லை. கரையின் சரிவைப் பொறுத்து அலையேற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். அதை விடப் பெரிய விஷயம், அந்த 3.1 மீட்டர் மேடு மணல். மணல் அங்கேயே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

#7 கரைவலை

நான் சொல்ல வந்ததும் அதான். வீடு முழுகுற படம் போடாதீங்க. எங்களுக்கு வீட்டுக்கு முன்னாடி கரை போகும். கரை போனா தொழில் போகும், வீடு அப்புறந்தான்.

வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு அது சும்மா மணல். ஊருக்கு அது அஞ்சாறு இடம். தண்ணி ஓரத்துல ஈர மணல், படகு வந்து ஏறுற இடம். அதுக்கு மேல படகு நிறுத்தம். ஃபைபர் படகு 28-லேர்ந்து 32 அடி, அதாவது ஒன்பதரை மீட்டர்னு வைங்க. பின்னாடி தள்ளித் திருப்ப மூணு மீட்டர். ஆக அந்தப் பட்டை மட்டும் 12, 13 மீட்டர் அகலம் வேணும். பக்கத்துப் பக்கத்துல நிறுத்த ஒரு படகுக்கு 3 மீட்டர்னா 40 படகுக்கு 120 மீட்டர் நீளம். அதுக்கு மேல வலை காயப்போடுற, தைக்கிற இடம். ஏலம் போடுற இடம். கருவாடு காயவைக்கிற இடம். அப்புறம் நடக்குற வழி, வாசல்.

கரை 40 மீட்டர்லேர்ந்து 25 ஆனா எது போகும்? படகை யாரும் விட மாட்டாங்க. முதல்ல போறது கருவாட்டு இடம். அது பொம்பளைங்க இடம். கேக்காமலே போயிடும். இதை வரைங்க.

#8 வண்ணக்கலவை

கரைவலை சொன்னதை அப்படியே தரையில் செய்யலாம், சுவர் பிறகு. வலைக்கூடத்துத் தரையைப் பயன்படுத்துங்கள்.

அளவுகோல் 1-க்கு 15. கரையின் 180 மீட்டர் நீளம் தரையில் 12 மீட்டர், 45 மீட்டர் அகலம் தரையில் 3 மீட்டர். மேற்கு ஓரத்தில் வீட்டு வாசல்களைக் கோலமாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படகு 63 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம். ஐஸ் பெட்டி, டிவி பெட்டி அட்டையில் 40 வெட்டலாம். வலைக்குப் பழைய வலைத்துண்டு, கருவாட்டுக்குச் சாக்கு, ஏலத்துக்கு ஒரு வட்டத் தட்டு. கடலுக்கு நீலத் தார்ப்பாய், 12 மீட்டர் நீளத்துக்கு இரண்டைச் சேர்த்துத் தைத்தது.

முதலில் இன்று எப்படி இருக்கிறதோ அப்படி ஊரே அடுக்கட்டும். படகு வைக்கிற இடம், கரைவலை இழுக்கிற இடம், இன்னார் கருவாடு காயவைக்கிற இடம் என்று சண்டை வரும். வரட்டும், அதுதான் வரைபடம். எல்லாரும் ஒத்துக்கொண்டதும் மேலிருந்து படம் எடுத்துவிடுங்கள். பிறகு தார்ப்பாயை 1 மீட்டர் உள்ளே இழுங்கள். நிஜத்தில் 15 மீட்டர் கரை போனது மாதிரி. படகுகள் நனையும், எடுத்து மேலே வைக்க வேண்டும், மேலே இருப்பதை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். மறுபடி படம். இன்னும் ஒரு மீட்டர். மூன்றாவது முறை படகை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் தெருவில் வைப்பார்கள்.

அந்த மூன்று படங்களும்தான் சுவரோவியம். 12 மீட்டர் சுவரை மூன்று 4 மீட்டராகப் பிரித்தால் அளவுகோல் மாறும், பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை: கூட்டத்தை ஒரே நேரத்தில் வைத்தால் ஆண்கள் மட்டும் அடுக்குவார்கள். மீன் விற்கப் போன பெண்கள் திரும்பும் மதியத்துக்குப் பிறகு ஒன்று, தனியாக வையுங்கள். இரண்டு அடுக்கும் வேறு வேறாக வந்தால் இரண்டையும் வரையுங்கள்.

#9 சதுப்பு

மாதிரி செய்வதானால் ஒரு வேண்டுகோள். கடல் முன்பக்கமிருந்துதான் வரும் என்று காட்டாதீர்கள். மணல்மேட்டுக் குப்பங்களில் தண்ணீர் பின்பக்கமிருந்தும் வரும். மேட்டுக்கு மேற்கே நிலம் தாழ்வு. பக்கிங்காம் கால்வாய், கழிவெளி, முகத்துவாரம். கடல் மட்டம் உயர்ந்தால் மழைத் தண்ணீர் வடிய இடமின்றித் தேங்கும், அடிமண்ணில் உவர்நீர் ஏறும், அடிபம்பில் முதலில் தெரியும்.

அட்டை அடுக்கி நிலமாதிரி செய்தால்: கிடைமட்டம் 1-க்கு 1000 (ஒரு கிலோமீட்டர் ஒரு மீட்டர்), செங்குத்து 1-க்கு 50. 5 மி.மீ. தெர்மாகோல் ஒரு அடுக்கு 25 செ.மீ. உயரத்தைக் காட்டும், 3 மீட்டர் மேடு 12 அடுக்கு. இப்படி 20 மடங்கு மிகைப்படுத்தாவிட்டால் மேடே தெரியாது. ஆனால் அந்த மிகையைப் பலகையில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் குப்பம் மலைமேல் இருப்பதுபோல் தெரியும். சாதாரண பெயிண்டின் தின்னர் தெர்மாகோலைக் கரைத்துவிடும், தண்ணீரில் கரையும் எமல்ஷன் மட்டும் பூசுங்கள். முகத்துவாரத்தை வெட்டித் திறந்து வைத்து, சாயத் தண்ணீரைக் கடல் பக்கம் மெதுவாக ஊற்றினால் அது மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

#10 கணக்கன்

கரை எத்தனை மீட்டர் போகும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறதே. புரூன் விதி: கடல் மட்டம் ஏறுவதைப் போல 50 முதல் 100 மடங்கு கரை பின்வாங்கும். 13 செ.மீ.க்கு 6.5 முதல் 13 மீட்டர். தார்ப்பாயை அவ்வளவு இழுத்தால் போதாதா?

#11 நீரோட்டம்

போதாது, கணக்கன். புரூன் விதி மணல் கரைக்கும் ஆழத்துக்கும் நடுவே மட்டும் நகர்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. நம் கரையில் மணல் கரையோரமாகப் பயணம் போகிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே, நிகரமாகப் பார்த்தால் வடக்கே. குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். மெரினா இவ்வளவு அகலமானது துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்ததால்தான். அதே சுவருக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து மேலே கல் கொட்டியும் நிற்காத அரிப்பு. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்துக் கொஞ்சம் மணலைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்கில் 1990–2018 காலத்தில் தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளானது. அதன் பெரும்பகுதியைக் கடல் மட்டத்தின் தலையில் கட்டினால், சுவர் கட்டியவர்கள் கைகழுவிக்கொள்வார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளில் இரண்டு முழுகின. அங்கேயும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் முதல் காரணம், கடல் மட்டம் பிறகு.

ஓவியத்தில் "2050" என்று மட்டும் எழுதினால் எல்லாம் வானத்திலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். தெற்கே எந்த முகத்துவாரத்தில் கல்சுவர் இருக்கிறதோ அதையும் வரையுங்கள்.

#12 நெய்தல்நிறம்

அப்படியானால் எத்தனை மீட்டர் என்பதை எங்கிருந்து எடுப்பது? ஊகமாகவா?

#13 மட்டப்பலகை

ஊரே அளக்கலாம். இதற்கு எமெரி என்பவர் 1961-இல் எழுதிய எளிய முறை ஒன்று உண்டு, கருவி இரண்டு குச்சிதான்.

1.5 மீட்டர் உயரத்தில் ஒரே அளவாக இரண்டு குச்சி. உச்சியிலிருந்து கீழ்நோக்கி சென்டிமீட்டர் குறி, 10-க்கு ஒன்று சிவப்பு. இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் கயிறு; நைலான் வேண்டாம், நீளும். சமுதாயக் கூடத்தின் படிமுனையில் தொடங்கி நேர் கிழக்கே போங்கள். மேற்குக் குச்சியை ஒருவர், கிழக்குக் குச்சியை ஒருவர் நேராகப் பிடிக்க வேண்டும். மேற்கில் இருப்பவர், கிழக்குக் குச்சியின் உச்சியும் அடிவானக் கோடும் ஒன்றாகத் தெரியும்வரை கண்ணை இறக்கி, தன் குச்சியில் அந்த உயரம் உச்சியிலிருந்து எத்தனை செ.மீ. என்று படிப்பார். அவ்வளவுதான் அந்த 2 மீட்டரில் தரை இறங்கிய அளவு. தரை கடல் பக்கம் ஏறினால் தலைகீழ்: மேற்குக் குச்சியின் உச்சிமேல் கண்ணை வைத்து, அடிவானம் கிழக்குக் குச்சியில் எங்கே வெட்டுகிறது என்று படித்து, ஏற்றம் என்று எழுதுங்கள். இந்தக் குறியீட்டை மாற்றி எழுதுவதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு. இரண்டாவது, ஈர மணலில் குச்சி புதைவது. அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டினால் சரியாகும். பனிமூட்டத்தில் அடிவானம் தெரியாது, அன்று விட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே கோட்டில், தாழ்ந்த ஓதத்தில். 12 மாதம் எடுத்தால் கரை எவ்வளவு மூச்சுவிடுகிறது என்று தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கார்த்திகைப் படத்தைக் காட்டி "அரித்துவிட்டது" என்றால், பங்குனியில் மணல் திரும்பி வந்ததும் யாரும் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

பின்னோக்கிப் பார்க்க கூகுள் எர்த்தின் பழைய படங்கள் போதும். ஒரே மாதத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். நீர் ஓரத்தை எடுக்காமல் செடி முடியும் ஓரத்தை எடுங்கள். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று 5 முதல் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். கோயில் மூலை, தொட்டி மூலை வைத்து முதலில் சரிபாருங்கள்.

#14 பட்டா

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். தனியார் வீட்டுச் சுவரில் எந்தக் கோடும் போடாதீர்கள், கேட்டாலும் போடாதீர்கள். கரையில் சிவப்புக் கோடு என்றால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச் 30 அன்று வந்த அரசாணை 172, 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு உள்ளே தள்ளிப் புதுவீடு என்றது, பழைய மனையை விட்டுக்கொடுத்தால். இருப்பேன் என்றவர் தன் செலவில் பழுது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் ஊரக மண்டலத்துக்கு மக்கள் அடர்த்தியைப் பொறுத்து 50 மீட்டர், 200 மீட்டர் என்று கட்டுமானத் தடைக் கோடு. சர்வே ஆஃப் இந்தியா வரைந்த அபாயக் கோடு தனி. இத்தனை கோட்டுக்கு நடுவே ஊரே ஒரு கோட்டைப் போட்டு, "இவர்களே ஒத்துக்கொண்டார்கள்" என்று ஒரு கோப்பில் அது ஏறினால்?

செய்ய வேண்டியது: சுவரின் அடியில் "இது ஊரார் வரைந்த கற்பனை, எந்த எல்லையும் அல்ல" என்று எழுதுங்கள். #8-இல் சொன்ன தரைப்படம் உண்மையில் பொதுப் பயன்பாட்டு வரைபடம். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் படகு நிறுத்தமும் வலைக்களமும் விடுபடுவதுதான் பெரிய குறை. எனவே அளவு, தேதி, பஞ்சாயத்துக் கையெழுத்தோடு ஒரு படி ஊரிடம் இருக்கட்டும். வெளியாருக்குப் படம் கொடுக்கலாம், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

#15 கரைவலை

பட்டா சொல்றது நூத்துக்கு நூறு. இன்னொண்ணு, கடலுக்குள்ள பார் எங்க இருக்குன்னு விலாவரியா சுவத்துல எழுதிடாதீங்க. கோபுரத்தையும் லைட் ஹவுஸையும் நேர் வெச்சுப் பிடிக்கிற இடம் அது, ஊரோட சொத்து. படத்துல ஒரு பார் இருக்கட்டும், எந்தப் பார்னு இருக்க வேணாம்.

#16 ஒளிவிளக்கு

ஸ்காட்லாந்தில் லாக்மேடி என்ற ஊரில் பெக்கா நீட்டிவிர்ட்டா, டிமோ ஆஹோ என்ற இரு கலைஞர்கள் ஓதம் ஏறும்போது எரியும் ஒளிக்கோடு ஒன்றைக் கட்டடச் சுவர்களில் வைத்தார்களே, அது மாதிரி எல்இடி போட்டால்?

#17 வண்ணக்கலவை

உப்புக்காற்றில் சாலிடர் மூட்டுகள் ஒரு மழைக்காலம் தாண்டாது. ஒளி வேண்டுமென்றால் கரையில் கம்புகள் நட்டு, அவற்றில் லாரிக்குப் பின்னால் ஒட்டும் மினுங்கு பட்டையை ஒட்டுங்கள். இரவில் டார்ச் அடித்தால் கோடு எரியும், மின்சாரமும் வேண்டாம்.

இனி உப்புச் சுவர். பூத்த உப்பின் மேல் எந்த பெயிண்டும் நிற்காது, உப்பு பின்னாலிருந்து தள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் (கம்பி பிரஷ் வேண்டாம், துரு விட்டுப்போகும்) உப்பைத் தட்டி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, மறுபடி பூக்கிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள். பூத்தால் மறுபடி. பூச்சைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் சத்தம் வந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள். கடல் மணலில் பூசினால் உப்பை நீங்களே உள்ளே வைக்கிறீர்கள், ஆற்று மணலோ எம்-சாண்டோதான். புதுப்பூச்சு 28 நாள் ஆறட்டும். தரையிலிருந்து முதல் அரை மீட்டர் எப்போதும் ஈரம் ஏறும் பகுதி. அங்கே ஓவியம் வேண்டாம், வெறும் சுண்ணாம்பு அடித்து விடுங்கள், மூச்சு விடட்டும். மேலே வெளிப்புற பிரைமர் ஒரு கோட், வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். எனாமல் வழவழப்பாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், கொப்புளித்துத் தோலாக உரியும். வேலை மாசி முதல் ஆடிக்குள். ஐப்பசியில் தொட்டால் வீண்.

சிவப்பும் மஞ்சளும் கிழக்கு வெயிலில் முதலில் வெளுக்கும். காவி, மண் மஞ்சள் மாதிரி இரும்பு நிறமிகள் நிற்கும். நீலத்தில் கவலை இல்லை.

#18 நெய்தல்நிறம்

திட்டம் மாறிவிட்டது. சுவரில் கோடு இல்லை. மாசி மகத்தன்று சவுக்குக் கம்பு ஒன்று, ஐப்பசி அமாவாசையில் ஒன்று, நனைந்த மணலின் மேல் ஓரத்தில். மூன்றாவது, மாதாந்திர அளவு ஓராண்டு முடிந்த பிறகு. தரைப்படம் இரண்டு கூட்டமாக. கம்பு எத்தனை அடி புதைக்க வேண்டும்? ஆண்டை எழுத எது நிற்கும்?

#19 மட்டப்பலகை

3 மீட்டர் கம்பு, 1.2 மீட்டர் உள்ளே. கடப்பாரையால் குழி போட்டால் மணல் சரிந்து நிரம்பும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே கம்பை ஆட்டி இறக்குங்கள், தானே உட்காரும். அடி 1.5 மீட்டரைத் தோலுரித்துத் தார் பூசினால் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். படகு ஏறும் தடத்திலும் கரைவலை இழுக்கும் இடத்திலும் வைக்காதீர்கள், முதல் நாளே பிடுங்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. ஐப்பசிக் கம்பை அலை கொண்டுபோகலாம். அது நின்ற இடத்தைக் கூடத்துப் படிமுனையிலிருந்து டேப் வைத்து அளந்து எழுதிவைத்தால் கம்பு போனாலும் குறி போகாது.

எழுத்தைப் பெயிண்டில் எழுதாமல் உளியால் வெட்டித் தார் நிரப்புங்கள். கம்பின் கடல் பக்கம் வேண்டாம், வாடைக் காற்றில் மணல் வந்து உரசி ஒரே பருவத்தில் வழித்துவிடும். ஊர்ப் பக்கம் வெட்டுங்கள்.